மூணு மாரியப்பனும் ஒரு சாப்ட்வேரும்

ஏ மருமவனே, வா, இப்படித் திண்ணையில உக்காரு. என்னடே மூஞ்சி கருவாடாக் கெடக்கு? பொண்ணு பாக்கப் போன எடத்துல காபி கூடக் குடுக்காம அனுப்பிட்டாவளோன்னு நெனச்சேன். கேட்டா, "கம்பெனிக்கு சாப்ட்வேர் பாக்குதோம் மாமா"ங்க.

ஆறு மாசமாப் பாக்குதீங்களாம்லா? அதுக்கு ஒரு கமிட்டி. கமிட்டிக்கு ஒரு சப்-கமிட்டி. ரெண்டுக்கும் மேல ஒரு ஆலோசகரு, அவரு தங்க ஏ.சி. ரூம்பு. அப்படி என்னடே யாவாரம் நம்ம உழவர் கம்பெனிக்கு? உளுந்து, பாசி, மக்காச்சோளம், மல்லி, வத்தல். சம்சாரி கொண்டாந்து போடுதான். எடை போடுதோம், சீட்டு எழுதுதோம், காசு குடுக்கோம். இதுக்கு ஆறு மாசமா? வெதச்ச உளுந்தே எழுபது நாள்ல காச்சு, அடிச்சு, தூத்தி, வீட்டுக்கு வந்துருதேடே!

சரி, அந்த ரிப்போர்ட்டக் குடு பாப்போம். யம்மா, ஒரு கட்டிப் புண்ணாக்கு கனம் இருக்கு. நூத்திப் பன்னெண்டு பக்கம். மொதப் பக்கத்துலயே ஐ.எஸ்.ஓ. 25010ன்னு ஒரு நம்பரு. நல்ல சாப்ட்வேருன்னா என்னென்ன கொணம் இருக்கணும்னு உலகத்துப் பெரிய மனுசன்லாம் கூடி எழுதுனது. 2011ல எட்டுக் கொணம் சொன்னாவ. 2023ல அதை ஒம்பதாக்கிட்டாவ. நான் தப்புச் சொல்லலடே, நல்ல பட்டியல்தான். வேகம் வேணும், நம்பகம் வேணும், பின்னால திருத்த லேசா இருக்கணும். எவன் வேண்டாம்பான்? ஆனா கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்கோமே, பத்தும் பொருந்தி மூணாம் மாசமே பெட்டியோட திரும்பி வந்தவள நம்ம தெருவுலயே காட்டட்டுமா?

அடுத்த பக்கத்துல ஒரு கட்டம். கார்ட்னர்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி போடுத கட்டமாம். நாலு அறை. வலது பக்கத்து மேல் மூலையில நிக்கவன்லாம் தலைவன். நம்ம சோசியருக்குப் பன்னெண்டு கட்டம் வேணும், பாவம்; வெள்ளக்காரன் நாலுலயே சோலிய முடிச்சிட்டான். அந்த மூலையில நிக்கவன் பெரிய பெரிய கம்பெனிக்கு வித்தவன், மறுக்கல. அவன்ட்டப் போயி, ஈரத்துக்கும் சாக்குக்கும் எடையில கழிப்போமே, அந்த ஈரக்கழிவு, சாக்குக் கழிவுன்னு சொல்லிப் பாரு. எந்த நாட்டுப் பேச்சுன்னு கேப்பான்.

இந்த மார்க்குப் பட்டியல்தான் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. நாப்பத்தி ரெண்டு வரிசை, ஒண்ணொண்ணுக்கும் வெயிட்டேஜ், பெருக்கி, கூட்டி, ரெண்டு புள்ளி வரைக்கும் தசமம். 78.46 வாங்குனவன் செயிச்சிட்டான், 77.91 வாங்குனவன் தோத்துட்டான். தராசுத் தட்டுல ஈ உக்காந்த வித்தியாசம்! இதுல ஒரு கூத்து நடந்துச்சுன்னு நீதானடே போன வாரம் சொன்ன? தலைவருக்குப் புடிச்ச கம்பெனி மொதல்ல மூணாவதா வந்துச்சு. உடனே "பயன்படுத்த எளிது"ங்கிறதுக்கு இருபது மார்க்கு எதுக்கு, அஞ்சு போதும்னாரு. "நிறுவனத்தின் மதிப்பு"க்குப் பதினஞ்ச ஏத்துனாரு. மறுபடி கூட்டுனா மூணாவது மொதலாவதா ஆயிட்டுது. மாப்பிள்ளைய முடிவு பண்ணிட்டு அப்புறமா சாதகம் எழுதுத வித்தை இது. நம்ம ஊருக்குப் புதுசா?

சரி, மார்க்குப் போடத்தான் வேணும்னா ஒண்ணு செய். ஒரு கம்பெனிக்காரன் மூஞ்சியையும் பாக்குததுக்கு முன்னாடியே எதுக்கு எம்புட்டு மார்க்குன்னு எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, பீரோவுல வச்சுப் பூட்டிரு. சாவி உங்க அத்தைட்ட இருக்கட்டும். அவ யாருக்கும் குடுக்க மாட்டா, எனக்கே குடுத்ததில்ல. இன்னொண்ணு. "இது இல்லன்னா ஆகாது"ங்கிறது அஞ்சோ ஆறோதான் இருக்கும். அதைத் தனியா எழுது. அதுல ஒண்ணு இல்லன்னாலும் ஆள வெளிய அனுப்பு. அதையும் மத்ததோட சேத்துக் கூட்டாத. நாலு காலுக்கும் சராசரி போட்டா நொண்டி மாடும் தேறிருமே!

டெமோ பாத்தீங்கள்லா. எப்படி இருந்துச்சு? "சூப்பரா இருந்துச்சு மாமா." இருக்காதா பின்ன? தாவணிக்கு ஓட்டியாந்த மாட்டுக்குக் கொம்பு சீவி, வர்ணம் அடிச்சு, கழுத்துல சலங்கை கட்டித்தான நிறுத்துவான்? எங்க ஐயா காலத்துல மாடு வாங்கப் போனா, தரகன் துண்டுக்குள்ள விரலப் புடிச்சு வெல பேசிக்கிட்டே இருப்பான். ஐயா காதுல வாங்காது. பல்லப் புடிச்சுப் பாக்கும். வால முறுக்கிப் பாக்கும். அப்புறம் பாரம் ஏத்துன வண்டியில பூட்டி, மேட்டுல ஏத்திப் பாக்கும். மேட்டுல முட்டி போடுத மாட்டுக்குக் கொம்புல தங்கமே பூசியிருந்தாலும் வேண்டாம்னுட்டு வந்துரும்.

உங்க டெமோவுல நானுந்தான பின்னால உக்காந்திருந்தேன்? அதுல வந்த சம்சாரி பேரெல்லாம் குமாரு, ரமேசு. எடையெல்லாம் சரியா நூறு கிலோ. ஒருத்தனுக்கும் பழைய பாக்கி இல்ல. ஒருத்தனும் முன்பணம் வாங்கல. கரண்டும் போகல. இப்படி ஒரு ஊரு இருந்தா எனக்கும் சொல்லு, நான் அங்கயே குடி போயிருதேன்.

நீ என்ன செய்யணும் தெரியுமா? போன மாசி மாசத்துச் சீட்டுக் கட்ட எடு. ஒரே நாள்ல நூத்திச் சொச்சம் பேரு உளுந்தக் கொண்டாந்து கொட்டுனாங்களே, நடுவுல கரண்டு போச்சே, அந்த நாள் சீட்டு. ஒருத்தன் மூணு மூட்ட கொண்டாந்து ரெண்டுக்குத்தான் காசு கேட்டான், ஒண்ணு வெதைக்கு இருப்பு வைக்கச் சொன்னான். ஒருத்தன் மருந்துக் கடைப் பாக்கிக்குக் கழிக்கச் சொன்னான். ஒருத்தன் பொண்டாட்டி வந்து, "அந்த மனுசன்ட்டக் காசு குடுத்தா ராத்திரிக்குள்ள கரைஞ்சு போயிரும், என் கணக்குல போடுங்க"ன்னு மல்லுக்கு நின்னா. எல்லாம் அந்தக் கட்டுல இருக்கு. அதை அப்படியே கம்பெனிக்காரன் முன்னால வையி. "தம்பி, இந்த ஒரு நாள மட்டும் ஏத்திக் காட்டுங்க"ன்னு சொல்லு. வாய் சிரிச்சாலும் மூஞ்சி சிரிக்காது, பாத்துக்க.

ஏத்துறது அவன் ஆளா இருக்கக் கூடாது. நம்ம எடைக்கல்லு அண்ணாச்சி ஏத்தணும். ஆமாடே, அவருதான். அவரு கமிட்டியில இல்லியா? நல்லா இருக்கே கதை! சமைக்கிறவளக் கேக்காம சட்டி வாங்கப் போன கூட்டம். டைரக்டர்மாரு ஒம்பது பேரு கூடித் தேர்ந்தெடுப்பீங்க, அவங்கள்ல ஒருத்தன் அந்தக் கம்ப்யூட்டர்ப் பொட்டிய ஒரு நாளாவது தொடுவானா? தொடுதவரு மத்தியான வெயில்ல, உளுந்துத் தூசிக்குள்ள, வேர்வைக் கையோட தட்டணும். ஒரு சீட்டுக்கு எட்டுத் தடவ அமுக்கணுமா, மூணு தடவ அமுக்கணுமாங்கிறது அவருக்குத்தான் வெசயம். எட்டுன்னா, ரெண்டாம் நாளே பழைய நோட்டுக்குத் திரும்பிருவாரு. சாயந்தரம் ஒரு பிள்ளைய உக்கார வச்சு நோட்டப் பாத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லுவீங்க. ஒரு வேல ரெண்டு வேலையாச்சா?

நான் கூட்டுறவு சங்கத்துல முப்பது வருசம் கணக்கு எழுதுனவன். கம்ப்யூட்டரு வந்த அன்னைக்கித் தேங்கா ஒடைச்சோம், சூடங் காட்டுனோம். எந்தக் கம்பெனி சரக்குன்னு பேரு சொல்ல மாட்டேன், பொழச்சுப் போவட்டும். அதுல உறுப்பினரு பேரு ஏத்தணும்னா ரெண்டு கட்டம். மொதக் கட்டத்துல பேரு. ரெண்டாவதுல குடும்பப் பேரு, அது இல்லாட்டி உள்ள விடாது. நமக்கு ஏதுடே குடும்பப் பேரு? அப்பா பேருல மொத எழுத்துத்தான். நான் ரெண்டாவது கட்டத்துல ஒரு புள்ளி வச்சேன். ஏத்துக்கிடுச்சு! ஊரு பூராம் புள்ளி குடும்பத்துல பொறந்ததா ஆயிட்டுது. இதுல மூணு மாரியப்பன். மூணு பேருக்கும் இனிசியல் 'சு'. ஊருக்குள்ள கொழப்பமே கெடையாது. ஒருத்தன் கருத்த மாரியப்பன், ஒருத்தன் ஓட்டுவீட்டு மாரியப்பன், ஒருத்தன் மிலிட்டரி மாரியப்பன். என் நோட்டுல அப்படித்தான் எழுதி வச்சிருந்தேன். கம்ப்யூட்டருக்குள்ள போனதும் மூணு பேரும் ஒரே ஆளு! ஓட்டுவீட்டுக்காரன் வாங்குன நகைக் கடனுக்கு மிலிட்டரிக்காரன் வீட்டுக்கு நோட்டீசு போச்சு. அவன் என்ன லேசுப்பட்ட ஆளா? மெடலக் குத்திக்கிட்டு வந்து சங்கத்து வாசல்ல நின்னான். கருத்தவன் மட்டும் கமுக்கமா இருந்தான். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அவன் பாக்கிய வேற எவனோ கட்டியிருக்கான்னு.

தமிழு சங்கதி இன்னொண்ணு. அந்தக் காலத்துல ஒவ்வொருத்தனும் ஒரு எழுத்துரு வச்சிருந்தான். இவன் அடிச்சத அவன் பொட்டியில தொறந்தா கோழி கிண்டுன குப்பையாத் தெரியும். 2010ல, கோயமுத்தூர்ல செம்மொழி மாநாடு நடந்த வருசம், அரசாங்கம் யூனிக்கோடுதான் இனிமேன்னுச்சு. அதுக்கு முன்னால ஏத்துன பேரையெல்லாம் மாத்தப் போயி நாங்க பட்ட பாடு! அதனால "தமிழ் வருமா"ன்னு மட்டும் கேக்காத. வரும்பான். திரையில வரும். சீட்டு அச்சடிச்சுப் பாரு. பி.டி.எப்.பா மாத்திப் பாரு. கொம்பு ஒரு பக்கமும் காலு ஒரு பக்கமுமா சிதறிக் கெடக்கா, இல்ல சேந்து நிக்கான்னு பாரு. அகர வரிசையில அடுக்கச் சொல்லிப் பாரு. "மல்லி"ன்னு தேடுனா மல்லி வருதான்னு பாரு. அஞ்சு நிமிசச் சோலி.

இது என்னமோ நம்ம பட்டிக்காட்டுக் கூத்துன்னு நெனைக்காத. செருமனியில லீடில்னு மளிகைக் கடைக்காரன், தேசம் தேசமாக் கடை வச்சிருக்கவன். 2011ல சரக்குக் கணக்குக்குன்னு எஸ்.ஏ.பி. சாப்ட்வேர எறக்குனான். இவன் வழக்கம், இருக்கிற சரக்க வாங்குன வெலையில கணக்கு வைக்கிறது. அந்த சாப்ட்வேரு வழக்கம், விக்கிற வெலையில வைக்கிறது. ரெண்டும் தப்பில்ல. ஆனா இவன், "எங்க வழக்கத்த மாத்த மாட்டோம், நீ மாறு"ன்னான். வெட்டி, ஒட்டி, தச்சு, ஏழு வருசம். 2018ல போதும்டா சாமின்னு மூட்ட கட்டிட்டான். 50 கோடி யூரோ போச்சுன்னு பத்திரிகையில எழுதுனாவ. சட்ட வாங்கும்போதே ஒடம்பு அளவு தெரிஞ்சிருக்கணுமா, வாங்கிட்டு ஒடம்ப வெட்டணுமா? நம்ம பழக்கத்துல எதை விட்டுக் குடுப்போம், எதை விட மாட்டோம்னு வாங்குததுக்கு முன்னாடியே பேசிக்கிடணும். முக்காவாசிப் பழக்கம், "முன்னால இருந்த செக்ரட்டரி அப்படித்தான் செஞ்சாரு"ங்கிற பழக்கம். அதை விடலாம். ஈரக்கழிவ விட முடியாது.

அமெரிக்காவுல ஹெர்ஷின்னு சாக்லேட்டுக் கம்பெனி. அவனுக்கு ஹாலோவீன்தான் தீவாளி. நாலு வருசம் எடுக்கும்னு சொன்ன வேலைய ரெண்டரை வருசத்துல முடிங்கன்னு வெரட்டி, 1999 சூலையில, ஆர்டரு குமியுத நேரத்துல, புதுசுக்கு மாறுனான். சாக்லேட்டு குடோன்ல கெடக்கு. கம்ப்யூட்டருக்கு அது எங்க கெடக்குன்னு தெரியல. 10 கோடி டாலர் சரக்கு கடைக்குப் போய்ச் சேரல. பிள்ளைக வாயில மண்ணு. நீ என்னடான்னா பொங்கலு கழிச்சு மொத வாரம் தொடங்குதோம்ங்க. தை பொறந்தா அறுப்புடே! வைகாசியில தொடங்கேன், காடு காஞ்சு கெடக்கும், மனுசன் சும்மா உக்காந்திருப்பான். ஒரு மாசம் நோட்டும் ஓடட்டும், பொட்டியும் ஓடட்டும். ரெண்டு கணக்கும் ஒத்துப் போனா நோட்ட மூடு.

சிரிக்க முடியாத கதை ஒண்ணும் இருக்கு. இங்கிலாந்துத் தபால் இலாகாவுல ஹொரைசன்னு ஒரு சாப்ட்வேரு. பியூஜிட்சு கம்பெனியோடது. 1999லருந்து தபாலாபீசு தபாலாபீசா வச்சாவ. கணக்குல காசு கொறையுதுன்னு பொட்டி சொல்லும். அந்த சப்-போஸ்ட்மாஸ்டரு எடுத்திருக்கவே மாட்டாரு. யாரு பேச்ச நம்புவ? பொட்டியத்தான் நம்புனாவ. 2015க்குள்ள 900 பேருக்கு மேல திருடன்னு தண்டன வாங்கிக் குடுத்தாச்சு. சில பேரு செயிலுக்கே போனாவ. வீட்ட வித்துக் கட்டுனவன் எத்தன பேரு! அவுக கணக்க வெளிய எங்கயோ உக்காந்துக்கிட்டே தொட்டுத் திருத்த வழி இருந்துச்சு. இல்லவே இல்லன்னு வருசக்கணக்காச் சாதிச்சாவ. ஆலன் பேட்ஸ்னு ஒரு போஸ்ட்மாஸ்டரு விடாம நின்னாரு. 2019ல கோர்ட்டு, பொட்டியிலதான் கோளாறுன்னுச்சு. 2024ல பார்லிமெண்டுல சட்டமே போட்டுத் தண்டனையெல்லாம் ரத்து பண்ணுனாவ. போன உசிரு வருமாடே? அதனால கம்பெனிக்காரன்ட்ட நீ கேளு: ஒரு சீட்டத் திருத்துனா, யாரு திருத்துனா, எப்பத் திருத்துனா, முன்னால என்ன இருந்துச்சுன்னு காட்டுமா? நீங்க ஒங்க ஆபீசுல இருந்துக்கிட்டு எங்க கணக்கத் தொட முடியுமா? தொட்டா எங்களுக்குத் தெரியுமா? இந்தக் கேள்வி ஒங்க நாப்பத்தி ரெண்டுல ஒண்ணு கூட இல்ல. பாத்துட்டேன். "டாஷ்போர்டு கலர் மாற்றும் வசதி" இருக்கு. அதுக்கு மூணு மார்க்கு.

வெலைக்கு வருவோமா? மூணு லட்சம்னு சொல்லிருக்கான். "மலிவுதான மாமா"ங்க. வருசா வருசம் பராமரிப்புக்கு இருபது சதம்னு கீழ பொடி எழுத்துல இருக்கு, கண்ணாடியப் போட்டுப் பாரு. வருசத்துக்கு அறுபதாயிரம். அஞ்சு வருசத்துல இன்னொரு மாடு வாங்குன காசு ஆச்சு. பழைய கணக்க ஏத்தக் கூலி தனி. சொல்லிக் குடுக்கக் கூலி தனி. எடை மிசினோட கோர்க்கத் தனி. இன்னொருத்தன், "வெலையே இல்ல, ஆளுக்கு மாசம் இம்புட்டு, எல்லாம் கிளவுட்ல இருக்கும்"ங்கான். அது வாங்குதது இல்லடே, குத்தகைக்கு எடுக்கது. தப்பில்ல. ஆனா கிளவுடுன்னா மேகமாம்லா? கரிசக்காட்டுல பொறந்தவன்ட்ட வந்து, மேகத்த நம்புங்கங்கான்! நெட்டு போச்சுன்னா எடை நிக்குமா நடக்குமான்னு கேளு. நம்ம குடோன்ல செல்லு டவர் எடுக்கணும்னா வேப்ப மரத்தடிக்குப் போகணும்.

சும்மா கெடைக்கது ஒண்ணு இருக்காமே, சோர்ஸ் கோடு பூராம் தெறந்தே கெடக்கும்னு. நல்லதுதான். தானம் வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதன்னு பெரியவங்க சொன்னாவ. இந்த மாட்டுக்கு மட்டும் கட்டாயம் பாரு. பாக்குத ஆளு நம்மட்ட இருக்கானா? அவன் பெங்களூருக்குப் போயிட்டா அடுத்து எவன் தீனி வைப்பான்?

எல்லாத்துக்கும் மேல மூக்கணாங்கயிறு யாரு கையில? நாளைக்கி இவன் வேண்டாம்னு முடிவு பண்ணுனா, நம்ம கணக்கு பூராம் நம்ம கையில குடுப்பானா? எந்த ரூபத்துல? எத்தன நாள்ல? காசு கேப்பானா? வாயால சொன்னா போதாது. வாங்குததுக்கு முன்னாடியே, "தம்பி, இப்ப ஏத்துன ஒரு நாள் கணக்க வெளிய எடுத்துக் குடுங்க, டேலியில போட்டுப் பாக்கோம்"னு சொல்லு. டேலிய ஏன் சொல்லுதேன்னா, நம்ம ஆடிட்டருக்கு அதுதான் தெரியும். அந்த டேலியே 1986ல பெங்களூர்ல ஒரு யாவாரி தன் கணக்குக்கு ஒத்த சாப்ட்வேரு கெடைக்காம, மகன்ட்டச் சொல்லி எழுத வச்சது. பரத் கோயங்காங்கிற அந்த மகனுக்கு 2020ல பத்மஸ்ரீ குடுத்தாவ. எதுக்கால நிக்கிற ஒருத்தன் கணக்கப் பாத்து எழுதுனது, அதான் இன்னும் நிக்கி.

இத்தனையும் பாக்க எத்தன நாளு ஆகும்? நாலு கம்பெனிய ரெண்டாக் கொறச்சா, பத்து நாளு. ஒரு நாளு அவன் ஏற்கெனவே வித்த எடத்துக்குப் போ. அவன் குடுக்கிற விலாசத்துக்குப் போவாத. அது அவன் சம்பந்தி வீடு மாதிரி, நல்லதுதான் சொல்லுவாவ. அவன்ட்ட வாங்கி, விட்டுட்டுப் போனவன் எவன்னு விசாரிச்சுப் போ. அங்க மேனேசரப் பாக்காத. கணக்கு எழுதுத பிள்ளையப் பாரு, மாசக் கடைசியில பாரு, டீ வாங்கிக் குடு. சொல்லும்.

கூட்டுறவு சங்கம்னா ஒனக்கு இந்தத் தொல்லையே இல்ல. 2022ல மத்திய சர்க்காரு 63,000 தொடக்க வேளாண் சங்கத்துக்கு 2,516 கோடியில திட்டம் போட்டு, எல்லாத்துக்கும் ஒரே சாப்ட்வேருன்னுட்டு. நல்லதோ கெட்டதோ, வந்தத வாங்கி வச்சுக்கிட வேண்டியதுதான். ஒங்க கம்பெனி தனிச்சு நிக்குது, தேடித்தான் ஆகணும். என்ன, அந்த ரிப்போர்ட்ட இங்கயே வச்சிட்டுப் போ. தாளு கெட்டியா இருக்கு, உங்க அத்தைக்கு அப்பளம் காயப் போட ஆகும்.

செவ்வாக்கிழமதான அந்த ரெண்டு கம்பெனிக்காரனும் வாரான்? ஆலோசகரு முன்வரிசையில உக்காரட்டும். எடைக்கல்லு அண்ணாச்சிய நான் கூட்டியாரேன். மாசி மாசத்துச் சீட்டுக் கட்டு என் மரப்பொட்டியில இருக்கு, அதையும் எடுத்து வச்சிட்டேன். மூணு மாரியப்பனுக்கும் ஆளு அனுப்பியாச்சு. ஓட்டுவீட்டுக்காரனும் மிலிட்டரிக்காரனும் வாரேன்னுட்டாவ. கருத்தவன் மட்டும் யோசிக்கான். பொட்டிக்கு இந்தத் தடவ அடையாளம் தெரிஞ்சு போச்சுன்னா அந்தப் பழைய பாக்கியக் கேக்குமான்னு கேட்டு விட்டிருக்கான்.